பத்மினிக்கு நீங்களே டிங்கரிங் பண்றதா இருந்தா: தகடுல இருந்து பிரைமர் வரைக்கும்

என்னோட பிரீமியர் பத்மினி கார் 1986 மாடல். வாங்கும்போது பளபளன்னு இருந்துச்சு, ஒரு பாலிஷ் போட்டு சீட் கவர் மாத்தினா ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல ஓட்டலாம்னு நெனச்சேன். முதல் மழைக்கு அப்புறம் டிரைவர் பக்கம் கார்ப்பெட் காயவே மாட்டேங்குதேன்னு தூக்கிப் பார்த்துட்டு, டோருக்குக் கீழ இருக்கற ரன்னிங் போர்டு ஓரத்துல ஸ்க்ரூடிரைவரால லேசா குத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ள போயிடுச்சு. உள்ள இருந்து வந்தது தகடு இல்ல, நியூஸ்பேப்பர். எந்தக் காலத்துலயோ எந்த ஷெட்டுலயோ ஓட்டைக்குள்ள பேப்பரை அமுக்கி மேல பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சு அனுப்பிருக்காங்க, அதுல இருந்த பிளாட் விளம்பரத்தை ரேட்டோட படிக்க முடிஞ்சுது.

அன்னிக்குத் தான் இந்த வேலையைக் கத்துக்கணும்னு ஆரம்பிச்சேன். எங்க தெரு முனைல ஷெட் வெச்சிருக்கற டிங்கர் பாய் பொறுமையா சொல்லிக் குடுத்தார், பாதி அவர் சொன்னது, மீதி நான் கெடுத்துட்டு கத்துக்கிட்டது. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு உதவுமேன்னு வரிசையா எழுதறேன்.

முதல்ல வண்டியைப் புரிஞ்சுக்கங்க

பத்மினி மோனோகாக் வண்டி, அதாவது தனியா சேஸ் கிடையாது, பாடியே தான் சேஸ். அம்பாசிடரும் அப்படித்தான். நம்ம மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மாதிரி வண்டின்னா கீழ சேஸ் தனியா இருக்கும், பாடியை போல்ட் கழட்டி பீஸ் பீஸா எடுக்கலாம், கத்துக்கறவனுக்கு அது சுகம். பத்மினில ரன்னிங் போர்டு, ஃப்ளோர் ரெண்டும் அழகுக்கு இல்ல, வண்டியோட முதுகெலும்பே அதுதான். அதனால ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வெட்டிடாதீங்க, வண்டி நடுவுல தொய்ஞ்சுடும், அப்புறம் டோர் மூடாது. ஒரு பக்கம் வெட்டி, வெல்ட் பண்ணி, டோரை மாட்டி மூடிப் பார்த்து, அப்புறம் தான் அடுத்த பக்கம். வெட்டறதுக்கு முன்னாடி டோர் வாசல்ல குறுக்கா ஒரு ஆங்கிளோ பைப்போ வெச்சு டாக் (சின்னப் பொட்டு வெல்ட்) போட்டுக்கங்க, வண்டியை லெவலா ஸ்டாண்டு மேல நிறுத்துங்க. ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, இதை ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்.

அடுத்து சர்வே. ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தம் ஒண்ணை மெல்லிசு துணில சுத்தி பாடி முழுக்க ஓட்டிப் பாருங்க, நல்லா பிடிக்கற இடம் தகடு, வழுக்கிட்டு விழற இடம் பட்டி. சாக்பீஸால வட்டம் போட்டுக்கிட்டே வாங்க. எங்க பார்க்கணும்னா டோரோட அடிப்பக்கம், வீல் ஆர்ச் உள் விளிம்பு, ஹெட்லைட் சுத்தி, டிக்கி ஃப்ளோர், ஃப்ரன்ட் கண்ணாடி ரப்பரோட கீழ் மூலை ரெண்டு, கார்ப்பெட்டுக்கு அடியில ஃப்ளோர் முழுக்க. தண்ணி எங்கெல்லாம் தேங்குமோ அங்கெல்லாம். டோருக்கு அடியில தண்ணி வடியறதுக்கு சின்ன ஓட்டை இருக்கும், பாதி வண்டில அதையும் பட்டி போட்டு அடைச்சு வெச்சிருப்பாங்க, டோர் அடி அரிக்கறதுக்கு இதுவே போதும்.

கழட்டறது

போட்டோ எடுங்க. ஒவ்வொரு போல்ட் எடுக்கறதுக்கு முன்னாடியும் எடுங்க, நாலு மாசம் கழிச்சு உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. ஜிப் கவர்ல போட்டு மேல மார்க்கர்ல எழுதி வைங்க. குரோம் பீடிங்கை ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்பாதீங்க, வளைஞ்சுடும், பிளாஸ்டிக் பட்டையோ மூங்கில் சீவலோ வெச்சு கிளிப்புக்குப் பக்கத்துல மெதுவா தூக்கணும். கண்ணாடி எடுக்கும்போது பழைய ரப்பரைக் காப்பாத்தறேன்னு மல்லுக்கட்டாதீங்க, ரப்பரை அறுத்துடுங்க. ரப்பர் ஜிபி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல தேடினா கிடைச்சுடும், கண்ணாடி போச்சுன்னா புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல கடை கடையா அலையணும்.

பேட்டரி, பெட்ரோல் டேங்க் ரெண்டையும் கழட்டி வீட்டுக்கு வெளியில வைங்க. வெல்டிங் பொறி எங்க போய் விழும்னு யாருக்கும் தெரியாது. ஃப்ளோர் அடியில தார் மாதிரி பூசியிருப்பாங்க, அது சத்தமில்லாம புகைஞ்சுட்டே இருக்கும். ஒரு பக்கெட் தண்ணி, ஒரு ஈரச்சாக்கு, தீயணைப்பான் ஒண்ணு, கூட ஒரு ஆள். வெல்டிங் முடிஞ்சும் அரை மணி நேரம் வண்டியை விட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க.

பெயிண்டை உரிக்கறது

முதல் தடவை பண்றவங்க எல்லாரும் செய்யற தப்பை நானும் செஞ்சேன், உற்சாகத்துல ஒரே வாரத்துல மொத்த வண்டியையும் தகடு வரைக்கும் உரிச்சுட்டேன். சென்னைல கடற்கரைல இருந்து 2 கிலோமீட்டர்ல வீடு. காலையில எழுந்து பார்த்தா வண்டி முழுக்க மஞ்சள் பூசின மாதிரி துரு. கை வெச்ச இடத்துல எல்லாம் விரல் ரேகையோட துரு, வேர்வைல உப்பு இருக்குல்ல. திரும்ப மொத்தமும் தேய்க்க வேண்டியதாச்சு. ஒரு நேரத்துல ஒரு பேனல் மட்டும் உரிங்க, அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அதுக்கு எபாக்ஸி பிரைமர் (தகட்டை ஈரம் படாம மூடற முதல் பூச்சு) ஏறிடணும், முடியாதுன்னா அன்னிக்கு உரிக்காதீங்க. சரி, டென்ட் எடுக்கறதும் வெல்டிங்கும் பாக்கி இருக்கே, அதுக்கு நாள் ஆகுமேன்னு கேப்பீங்க. ஆகும், அதனால அந்த மாதிரி பேனலை பெயிண்டோடவே வெச்சு பெரிய வேலையை முடிச்சுட்டு, வேலை நடக்கற இடத்தை மட்டும் உரிச்சு, கடைசில மொத்தமா உரிங்க.

எதால உரிக்கறது? பெயிண்ட் ரிமூவர் ஈஸி, ஆனா தகடு ரெண்டு சேர்ற ஜாயின்ட்ல போடாதீங்க, உள்ள தங்கிடும், 6 மாசம் கழிச்சு புது பெயிண்ட் அங்கேயே கொப்புளிக்கும். கையில கிளவுஸ் போடுங்க, தோல்ல பட்டா எரியும். ஜாயின்ட்ல வயர் பிரஷ். கிரைண்டர்ல கல் டிஸ்க் போட்டு ரூஃப், பானட் பக்கம் போகவே போகாதீங்க, சூட்டுல தகடு நெளிஞ்சு அலை அலையா ஆயிடும், அதை நிமிர்த்தறது பெரிய டிங்கருக்கே சவால். பழைய பெயிண்ட்ல ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, சாதா துணி கர்சீஃப் எல்லாம் மாஸ்க் இல்ல, என்95 ஆவது போடுங்க, குழந்தைங்க விளையாடற இடத்துல பண்ணாதீங்க.

ஒடுக்கு எடுக்கறது

இது தான் டிங்கரிங்கோட உயிர். பாய் எனக்கு முதல் நாள் குடுத்த வேலை, புதுப்பேட்டைல இருந்து ஒரு பழைய டோர் வாங்கிட்டு வரச் சொல்லி, அவரே அதுல ரெண்டு அடி அடிச்சுக் குடுத்து, "இதை சரி பண்ணுங்க தம்பி, வண்டியை அப்புறம் தொடலாம்"னார். நீங்களும் அப்படியே ஆரம்பிங்க. காயலான் கடை டோர் கெட்டா யாருக்கும் நஷ்டமில்ல. அதுக்கப்புறம் டிக்கி, அப்புறம் மட்கார்டு, ரூஃபும் பானட்டும் கடைசில.

கருவி ரொம்ப வேண்டாம். தட்டை முகம் சுத்தி ஒண்ணு, கூர் முகம் ஒண்ணு, டோலி ரெண்டு. டோலின்னா தகட்டுக்கு அந்தப் பக்கம் பிடிச்சுக்கற இரும்புக் கட்டி, ஒண்ணு தட்டையா, ஒண்ணு வளைவா. சுத்தி முகத்தை எமரி போட்டு கண்ணாடி மாதிரி வெச்சுக்கங்க, முகத்துல ஒரு கீறல் இருந்தா ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கீறல் தகட்டுல விழும்.

ஒடுக்கைப் பார்த்தவுடனே உள்ள இருந்து ஓங்கி அடிக்கத் தோணும், அடிக்காதீங்க. பள்ளத்தைச் சுத்தி ஒரு மேடு இருக்கும், அந்த மேடு தான் பள்ளத்தைப் பூட்டி வெச்சிருக்கு. டோலியை உள்ள பள்ளத்துக்கு அடியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, வெளியில சுத்தியால மேட்டைத் தட்டணும், பள்ளத்தை இல்ல. மேடு இறங்க இறங்க பள்ளம் தானா மேல வரும், முதல் தடவை அது நடக்கறப்போ மேஜிக் மாதிரி இருக்கும். அடிபட்டப்போ கடைசியா வளைஞ்ச இடத்தை முதல்ல எடுங்க, முதல்ல அடி விழுந்த இடம் கடைசில. கிட்டத்தட்ட லெவல் ஆனதுக்கு அப்புறம் தான் டோலிக்கு நேர் மேல சுத்தி அடி, அதுவும் மெல்லிசா, டிங் டிங்னு சத்தம் வரணும். நேர் மேல ஓங்கி அடிச்சா தகடு மெலிஞ்சு பரவிடும், பரவின தகட்டுக்கு இடம் பத்தாம விரலால அமுக்கினா டப்புனு உள்ள போய் டப்புனு வெளிய வரும், பழைய எண்ணெய் டின் மாதிரி. அது வந்துட்டா கேஸ் டார்ச்சால சின்ன இடத்தை சிவக்கக் காய்ச்சி, சுத்தி லேசா தட்டி, ஈரத்துணியால ஒத்தி சுருக்கணும். அதைப் படிச்சுட்டு பண்ண முடியாது, ஒருத்தர் பண்றதை பக்கத்துல நின்னு நாலு தடவை பாருங்க.

இன்னொண்ணு, கண்ணை நம்பாதீங்க. பாய் என்னை கண்ணை மூடச் சொல்லுவார். உள்ளங்கையை முழுசா வெச்சு, விரல் நுனி இல்ல, நீளமா முன்னாடியும் பின்னாடியும் ஓட்டணும், நடுவுல ஒரு மெல்லிசு காட்டன் துணி வெச்சா இன்னும் நல்லா தெரியும். எனக்கு ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியல, "இங்க தெரியுதா தம்பி?" "தெரியுது பாய்"னு பொய் சொல்லிருக்கேன். ரெண்டு மாசம் கழிச்சு திடீர்னு ஒரு நாள் தெரிய ஆரம்பிச்சுது, இப்போ பார்க்கிங்ல மத்தவங்க வண்டி மேல எல்லாம் கை போகுது.

துரு, வெல்டிங்

மேலாப்புல இருக்கற துருவுக்கு வயர் பிரஷ், எமரி, குழி குழியா இருந்தா துருவை மாத்தற கெமிக்கல் போடலாம். பாஸ்பாரிக் ஆசிட் கலந்ததுன்னா டின்னுல போட்டிருக்கற மாதிரி கழுவி முழுசா காய வெச்சுட்டு தான் எபாக்ஸி, ஆசிட் மிச்சம் இருந்தா எபாக்ஸி ஒழுங்கா பிடிக்காது. ஸ்க்ரூடிரைவர் உள்ள போற துருவுக்கு எந்த கெமிக்கலும் கிடையாது, வெட்டித் தான் ஆகணும். நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டுங்க, ஓரத்துல கொஞ்சம் துருவை விட்டுட்டு வெல்ட் வெச்சா வெல்டிங் நிக்காம ஓட்டை பெருசாகிட்டே போகும், அதுவே உங்களுக்கு சொல்லிடும்.

வெட்டின இடத்துல வைக்கற ஒட்டுக்கு சிஆர் ஷீட் (கோல்டு ரோல்டு, மேல பூச்சு இல்லாத இரும்புத் தகடு) வாங்குங்க. என் வண்டில வெர்னியர் வெச்சுப் பார்த்தப்போ கிட்டத்தட்ட 0.9 எம்எம், அதாவது 20 கேஜ். ஜிஐ ஷீட் துருப் பிடிக்காதேன்னு ஆசைப்படாதீங்க, மேல இருக்கற துத்தநாகம் எரிஞ்சு வர்ற புகை ஜுரத்துல படுக்க வெச்சுடும், வெல்டும் பொரிபொரியா வரும். அட்டைல டெம்ப்ளேட் வெட்டி, அதை வெச்சு தகடு வெட்டுங்க. வெளியில தெரியற இடத்துல விளிம்போட விளிம்பு சேர்ற மாதிரி, கத்தி நுனி போற அளவு இடைவெளி விட்டு வைங்க. ஃப்ளோர்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாலும் பரவாயில்ல, ஜாயின்ட்டுக்கு சீலன்ட் பூசணும், அவ்ளோ தான்.

மிக் வெல்டிங்ல (வயர் தானா வந்துட்டே இருக்கற வெல்டிங்) 0.6 எம்எம் இல்லன்னா 0.8 எம்எம் வயர். கோடு போட்ட மாதிரி இழுக்காதீங்க, ஒரு பொட்டு வைங்க, எதிர் மூலைக்குப் போய் இன்னொரு பொட்டு, முதல் பொட்டு கையால தொடற அளவு ஆறினதுக்கு அப்புறம் பக்கத்துல அடுத்தது. நான் பொறுமையில்லாம ஒரே இழுப்பா இழுத்து டோர் ஸ்கின்னை உருளைக்கிழங்கு சிப்ஸ் மாதிரி ஆக்கினேன். பாய் எல்லாத்துக்கும் கேஸ் வெல்டிங் தான், அவர் கைக்கு அது நிக்கும், அந்த வெல்ட் மிருதுவா இருக்கறதால தட்டி லெவல் பண்ணலாம், ஆனா சூடு பரவும், புதுசா பண்றவங்களுக்கு மிக் தான் பாதுகாப்பு. வெல்டிங்கே பயம்னா அந்த ஒரு வேலையை மட்டும் கூலிக்குக் குடுங்க, வெட்டறதும் ஒட்டு செய்யறதும் நீங்க பண்ணுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

பட்டி

பட்டி கெட்டது இல்ல, ஓட்டைய மூடறதுக்கு யூஸ் பண்ணினா தான் கெட்டது. தகட்டை முடிஞ்ச வரைக்கும் லெவல் பண்ணிட்டு கடைசி 1, 2 எம்எம்முக்குத் தான் பட்டி. 3 எம்எம் தாண்டுதுன்னா திரும்ப சுத்தி எடுங்க.

தகடு மேல நேரா பட்டி போடறதா, எபாக்ஸி அடிச்சுட்டு போடறதான்னு ரெண்டு கட்சி இருக்கு. ரெண்டும் நிக்கும். கடல் காத்து ஊர்ல நான் எபாக்ஸி கட்சி, தகடு முதல்ல மூடிடுது, பட்டியை நிதானமா பண்ணலாம். எபாக்ஸி அடிச்சு எத்தன மணி நேரத்துக்குள்ள மேல பட்டி போடலாம்னு டின்னுல இருக்கும், தாண்டிட்டா 180 நம்பர் எமரில (நம்பர் ஏற ஏற நைசா இருக்கும்) தேய்ச்சுட்டு போடுங்க. ஆனா கடைல குடுக்கற சாதா ரெட் ஆக்சைடு பிரைமர் மேல ஹார்டனர் (இறுக வைக்கற கெமிக்கல்) கலக்கற பட்டி போடாதீங்க, கேட்டுக்கு அடிக்கற பெயிண்ட் அது, அடியில இளகி சுருங்கிடும்.

ஹார்டனர் எடைல சுமார் 2 சதவீதம், 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். ஷெட்ல எல்லாரும் கண் அளவுல தான் போடுவாங்க, நமக்கு அந்தக் கண் கிடையாது. நான் வீட்டு சமையல் தராசை எடுத்துட்டு வந்தேன், அது திரும்ப கிச்சனுக்குப் போகவே இல்ல, புதுசு வாங்கிக் குடுத்தேன். ஹார்டனர் அதிகமானா சீக்கிரம் இறுகறது மட்டுமில்ல, பின்னாடி பெயிண்ட் வழியா கறை மாதிரி மேல தெரியும். குறைஞ்சா காயவே காயாது. மே மாச மத்தியானத்துல மூணு நிமிஷத்துல கல்லாயிடும், அதனால காலைல பண்ணுங்க, கொஞ்சம் கொஞ்சமா கலங்க. அட்டை மேல கலக்காதீங்க, அட்டை அதோட சத்தை உறிஞ்சிடும், கண்ணாடியோ தகடோ வைங்க. மாவு பிசையற மாதிரி மடிச்சு மடிச்சு அழுத்தணும், அடிச்சுக் கலக்கினா காத்து புகுந்து குண்டூசி ஓட்டை வரும். கோடு கோடா தெரியாம ஒரே கலர் வந்தா ரெடி. முதல் பூச்சை அழுத்தி மெல்லிசா தேய்ங்க, அடுத்தது அது மேல.

என்சி பட்டின்னு ட்யூபுலயும் டப்பாவுலயும் வரும், ஹார்டனர் வேண்டாத பட்டி, அது நகக் கீறலுக்கும் குண்டூசி ஓட்டைக்கும் மட்டும். கெட்டியா போட்டா மாசக்கணக்குல சுருங்கிட்டே இருக்கும்.

தேய்க்கறது

எமரியை கையில பிடிச்சுத் தேய்க்காதீங்க, விரல் அழுத்தற இடத்துல பள்ளம் விழும். நீளமான பலகை, ஒரு அடியாவது இருக்கணும், நான் பழைய டைனிங் டேபிள் ஓரத்துல இருந்து வெட்டினேன். 80 எமரில ஆரம்பிச்சு குறுக்கா ஒரு தடவை, எதிர்க்குறுக்கா ஒரு தடவை, எக்ஸ் மாதிரி. மேல கரித்தூளோ, கறுப்பு ஸ்ப்ரேவை தூரத்துல இருந்து ஒரு தூவலோ போட்டுக்கங்க, தேய்க்கும்போது கறுப்பு எங்க மிச்சம் இருக்கோ அங்க பள்ளம், எங்க முதல்ல தகடு எட்டிப் பார்க்குதோ அங்க மேடு. மேடு வந்துட்டா தேய்க்கறதை நிறுத்துங்க, அந்த மேட்டை சுத்தியால ஒரு தட்டு தட்டி இறக்குங்க. 80 முடிஞ்சா 180, ஓரத்தை 320.

இங்க பாயோட எனக்கு சண்டை. நம்ம ஊர்ல பட்டியை தண்ணி ஊத்தித் தான் தேய்ப்பாங்க, தூசி வராது, எமரி அடைக்காது, வேலை சுகம். ஆனா பட்டில டால்க் பவுடர் இருக்கு, தண்ணியைக் குடிக்கும், குடிச்ச தண்ணி அடியில தகட்டைத் துருப் பிடிக்க வைக்கும், இல்லன்னா மேல கொப்புளமா வரும். நான் காய்ஞ்ச தேய்ப்பு தான். "உங்களுக்கு நேரம் இருக்கு தம்பி, எனக்கு நாளைக்கு வண்டி டெலிவரி"ன்னுட்டார் பாய், அதுவும் நியாயம் தான்.

பத்மினியோட பின் மட்கார்டு மேல லேசா வால் மாதிரி ஒரு கோடு ஓடும், அந்தக் கோடு மழுங்கிட்டா வண்டியோட முகமே போயிடும். கோட்டோட ஒரு பக்கத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி அடுத்த பக்கத்தை தேய்ங்க, அப்புறம் மாத்தி ஒட்டி இந்தப் பக்கம். கோடு கத்தி மாதிரி நிக்கும்.

சர்ஃபேசர்

பட்டி லெவல் ஆனதும் ஹார்டனர் கலக்கற சர்ஃபேசர், அதாவது பெயிண்டுக்கு அடியில கீறலை நிரப்பற பிரைமர், 2 இல்லன்னா 3 கோட், நடுவுல டின்னுல சொன்ன இடைவெளி. இதை நான் அடிக்கல, பாயோட பெயிண்டர் கிட்ட குடுத்துட்டேன். காரணம் பயம் தான், அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, ஒரு தடவை ஒத்துக்காம போச்சுன்னா ஆயுசுக்கும் ஆஸ்துமா. துணி மாஸ்க்கோ என்95ஓ அதுக்கு ஒண்ணும் பண்ணாது, வெளிக்காத்து வர்ற மாஸ்க் வேணும். நீங்களே அடிக்கறதா இருந்தா அதை வாங்கிட்டு அடிங்க. கம்ப்ரெசர் டேங்க் தண்ணியை தினமும் திறந்து விடுங்க, நம்ம ஊர் காத்துல அரை டம்ளர் வரும், லைன்ல வாட்டர் ஃபில்டர் கட்டாயம்.

காய்ஞ்சதும் திரும்ப கறுப்பு தூவல், இப்போ 400 காய்ஞ்ச தேய்ப்பு, அப்புறம் 600, 800 தண்ணி போட்டு. சர்ஃபேசர் நல்லா மூடியிருக்கற இடத்துல தண்ணி போடலாம், எங்கயாவது பட்டியோ தகடோ எட்டிப் பார்த்தா அங்க திரும்ப பிரைமர். மெட்டாலிக் கலர்னா 1000 வரைக்கும் போங்க, 800 கீறல் மெட்டாலிக்ல தெரியும். தேய்ச்சு முடிச்சு வெயில்ல ஒரு நாள் முழுசா காய விடுங்க.

பெயிண்டுக்கு முன்னாடி துடைக்கறதுக்கு ரெண்டு துணி, ஒண்ணுல கிரீஸ் ரிமூவர் போட்டு துடைச்சு, அது காயறதுக்குள்ள காய்ஞ்ச துணியால எடுக்கணும், காய விட்டா அழுக்கு அங்கேயே தங்கிடும். வண்டி பக்கத்துல யாரும் டாஷ்போர்டு பாலிஷ் ஸ்ப்ரே பண்ணக் கூடாது. அதுல இருக்கற சிலிக்கான் ஒரு துளி பட்டாலும் பெயிண்ட் அங்க விலகி மீன் கண்ணு மாதிரி வட்டம் விழும்.

கலரை மாத்தறதா இருந்தா ஆர்டிஓ ல சொல்லி ஆர்சில மாத்திக்கங்க, எஃப்சிக்குப் போகும்போது ஆர்சில வெள்ளை, வண்டி நீலம்னா திருப்பி அனுப்பிடுவாங்க. நான் பழைய வெள்ளையே வெச்சுட்டேன்.

என் வண்டில இப்போ இடது பின் டோர் மட்டும் சர்ஃபேசரோட நிக்குது. சர்ஃபேசர் தண்ணியை உறிஞ்சும், மழையில விட்டா இவ்ளோ வேலையும் வீண், அதனால ஐப்பசி அடைமழை வர்றதுக்குள்ள அதுக்கு பெயிண்ட் ஏறணும். இல்லன்னா டோரைக் கழட்டி ஹால்ல வைக்கணும், வீட்ல இன்னும் கேக்கல.